30 மீட்டரில் எத்தனை நிமிடம்?

அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ டிக்கெட் போட்ட கையோடு ஒரு கேள்வி வந்துவிடும்: "ஓபன் வாட்டர் கார்டு இருக்கு. இந்த ட்ரிப்புக்கு அட்வான்ஸ்டும் பண்ணிடணுமா?" ஸ்கூபா டைவிங்கில் முதல் பயிற்சியை முடித்தவருக்குக் கிடைப்பது ஓபன் வாட்டர் கார்டு; அதற்கு அடுத்த படி அட்வான்ஸ்டு. டைவ் கடையில் கேட்டால், பண்ணிவிடுங்கள் என்பார்கள். சில வருடங்களாகக் கடலில் இறங்கிக்கொண்டிருக்கும் நண்பரிடம் கேட்டால், அதெல்லாம் காசு பிடுங்குற வேலை, டைவ் பண்ணிக்கிட்டே இரு, தானா வரும் என்பார். இரண்டு பதிலிலும் எனக்கு மனம் ஒப்பியதில்லை. முன்னது, கேட்பவர் எந்தக் கடலுக்கு எந்த மாதத்தில் போகிறார், கடைசியாகத் தண்ணீரில் இறங்கி எத்தனை மாதமாயிற்று என்று ஒரு வார்த்தை விசாரிக்காமலே வந்துவிடுகிறது. பின்னது, பழக்கம் தானாக வரட்டும் என்கிறது. அது வருவதற்குள் நாம் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருப்போம் என்பதை யோசிப்பதில்லை. வெப்பமண்டலக் கடல் என்றாலே வெதுவெதுப்பான நீர், கண்ணாடி மாதிரித் தெளிவு, அதனால் எளிதான டைவ் என்ற நினைப்பு இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. வெதுவெதுப்பும் தெளிவும் உண்மைதான். ஆனால் 25 மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிகிற நீரில் 28 மீட்டர் ஆழம் ஆழமாகவே தோன்றாது. மேலே படகின் அடிப்பக்கம் தெரியும், கீழே மணல் தெரியும், கையிலிருக்கும் கேஜில் மட்டும் முள் வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும்.

குழப்பத்தில் பாதி அந்தப் பெயரால் வருகிறது. பேடி என்ற டைவ் பயிற்சி அமைப்பின் ஓபன் வாட்டர் பயிற்சியில் கடலில் 4 டைவ். அட்வான்ஸ்டு ஓபன் வாட்டரில் இன்னும் 5. இரண்டுக்கும் நடுவே இத்தனை டைவ் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. தாய்லாந்தின் கோ தாவோ போன்ற தீவுகளில் ஒரே விடுமுறையில் இரண்டையும் முடித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் ஏராளம். வாழ்நாளில் மொத்தம் 9 டைவ்; கையில் 'அட்வான்ஸ்டு' என்று போட்ட கார்டு. இதில் அவர்கள் தவறு ஒன்றும் இல்லை. ஆசிரியர் துணையோடு ஐந்து புதுச் சூழல்களை ஒருமுறை தொட்டுப் பார்ப்பதுதான் அந்தப் பயிற்சியின் நோக்கமே. ஆழ டைவும் நீருக்கடியில் திசையறிதலும் கட்டாயம். மற்ற மூன்றை நாமே தேர்ந்தெடுக்கலாம். முடிவில் பரீட்சை கிடையாது. எஸ்எஸ்ஐ என்ற இன்னொரு பயிற்சி அமைப்பில் இதே அளவுப் பயிற்சிக்கு 'அட்வான்ஸ்டு அட்வெஞ்சரர்' என்று பெயர். அங்கே 'அட்வான்ஸ்டு ஓபன் வாட்டர்' என்ற கார்டு வேண்டுமென்றால் நான்கு சிறப்புப் பயிற்சிகளும் 24 டைவும் முடித்திருக்க வேண்டும். ஒரே சொல்லைத் தாங்கிய இரண்டு கார்டுகளுக்கு நடுவே பதினைந்து டைவ் வித்தியாசம் இருக்கிறது.

நடைமுறையில் இந்தக் கார்டால் மாறுவது ஓர் எண்: 18 மீட்டர் 30 ஆகிறது. அந்த 18 பெரும்பாலான இடங்களில் சட்டம் அல்ல, பயிற்சி அமைப்புகள் வகுத்துக்கொண்ட வரம்பு. ஏதாவது நேர்ந்தால் பொறுப்பு தங்கள் தலையில் விழும் என்பதால் டைவ் கடைகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. பிடித்துக்கொள்வது நல்லது என்றுதான் நினைக்கிறேன்.

18 மீட்டருக்குள் உள்ள கடல்

அட்வான்ஸ்டு இல்லாமல் என்ன இழக்கிறோம் என்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் பலரும் நினைப்பதைவிட அது மிகக் குறைவு. பாலியின் வடகிழக்குக் கரையில் துலாம்பென் என்றொரு சிற்றூர். 1942 ஜனவரி 11 அன்று லாம்போக் நீரிணை அருகே 'லிபர்ட்டி' என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-166 டார்பிடோவால் தாக்கியது. சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துப் போகும் வழியில் தண்ணீர் ஏறிவிட, துலாம்பென் கரையில் தரைதட்ட வைத்தார்கள். இருபத்தொரு வருடம் கரையிலேயே கிடந்தது. 1963-இல் அகுங் எரிமலை வெடித்தபோது நில அதிர்வில் சரிந்து கடலுக்குள் போனது. இன்று ஏறத்தாழ 120 மீட்டர் நீளத்துக்குக் கரைக்கு இணையாக, கறுத்த எரிமலை மணலில் சாய்ந்து கிடக்கிறது. அதன் மேல்முனை 5 மீட்டர் ஆழத்தில், அடிமுனை 30 மீட்டருக்கு நெருக்கமாக. அதாவது உலகத்தில் அதிகம் பேர் டைவ் செய்யும் மூழ்கிய கப்பல்களில் ஒன்றின் பெரும்பகுதியை ஓபன் வாட்டர் கார்டோடு, கரையிலிருந்தே நடந்து போய்ப் பார்க்கலாம். படகுகூடத் தேவையில்லை. அங்கே கடினமான கட்டம் கப்பல் அல்ல, கரை. உருண்டைக் கற்கள் காலடியில் நழுவும். அலை இரண்டுக்கும் நடுவே இடைவெளி பார்த்து, மாஸ்க் போட்டு, மூச்சிழுக்கும் ரெகுலேட்டரை வாயில் வைத்து, மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுப்பை உடுப்பான பிசிடியில் கொஞ்சம் காற்றேற்றி, காலில் மாட்டும் ஃபின்னைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் மிதந்துகொண்டே மாட்டிக்கொள்ளலாம். கரையில் நின்றபடி ஃபின் மாட்டிவிட்டு நடந்தால் மூன்றாவது அடியில் விழுவது உறுதி. விடியற்காலையில் இறங்கினால் நெற்றி புடைத்த பெரிய கிளிமீன் கூட்டம் கப்பலை விட்டுக் கிளம்புவதற்கு முன் பார்த்துவிடலாம். 12 மீட்டரிலேயே இருந்தால் சிலிண்டர் நிதானமாக வரும். அதே கப்பலின் அடியைத் தொடப் போனவர் பாதி நேரத்தில் மேலே வந்து கரையில் உட்கார்ந்திருப்பார்.

பவளத்தைக் கட்டும் உயிர்கள் தங்களுக்குள் நுண்பாசியை வைத்து வாழ்பவை. பாசிக்கு வெயில் வேண்டும். ஆகவே பவளம் செழித்திருப்பதும் மீன் மொய்ப்பதும் மேல் அடுக்கில்தான். கீழே போகப் போகச் சிவப்பு முதலில் மறைந்து எல்லாம் நீலச் சாம்பலாகிவிடும். 25 மீட்டரில் டார்ச் அடித்தால்தான் ஒரு கடல்விசிறி சிவப்பு என்று தெரியும். நுசா பெனிடாவின் மாண்டா பாயிண்ட்டில் மாண்டா எனும் பெரிய திருக்கைகள் சுத்தம் செய்துகொள்ள வருவது 15 மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில். மாலத்தீவில் மாண்டாக்கள் பெருங்கூட்டமாகக் கூடும் ஹனிஃபாரு விரிகுடாவில் ஸ்கூபாவுக்கே அனுமதி இல்லை, ஸ்நார்க்கல் மட்டும்தான். ஹேவ்லாக்கில், இப்போதைய பெயரில் சுவராஜ் தீவில், நெமோ ரீஃபும் லைட்ஹவுஸும் ஓபன் வாட்டர் எல்லைக்குள் அடங்கும். ஐந்து நாள் விடுமுறையில் மூன்று நாள் டைவ், அதுவும் குடும்பத்தோடு என்றால், இந்தக் கடலே தாராளமாகப் போதும். அப்படிப் போகிறவர் அட்வான்ஸ்டு செய்ய வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் இன்னும் மூன்று நான்கு டைவ் கூடச் சேர்க்கலாம்.

கார்டு கேட்கும் இடங்கள்

ஆனால் அதே ஹேவ்லாக்கில் டைவ் பிடித்துப்போனவர்கள் எல்லோரும் பேசுவது ஜானிஸ் கார்ஜையும் டிக்சன்ஸ் பினாக்கிளையும் பற்றித்தான். முதலாவதில் சுற்றிப் பார்க்க வேண்டியதெல்லாம் 25 மீட்டரை ஒட்டியிருக்கிறது. இரண்டாவதில் பாறையின் உச்சியே ஏறத்தாழ 18-இல்தான் தொடங்குகிறது. ஓபன் வாட்டர் எல்லை முடிகிற இடத்தில் அந்த டைவ் ஆரம்பமாகிறது. கோ தாவோவில் 2011-இல் மூழ்கவைத்த சட்டகுட் என்ற பழைய போர்க்கப்பலும் அப்படித்தான். கப்பல் உட்கார்ந்திருக்கும் மணல் 30 மீட்டரில். மாலத்தீவில் கதை வேறு. அங்கே பொழுதுபோக்கு டைவுக்கு 30 மீட்டர் என்பது அரசு விதி. டிகம்ப்ரஷன் நிறுத்தம், அதாவது உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற வழியில் கட்டாயமாக நின்று ஏறுவது, தேவைப்படும் டைவுக்கும் அனுமதி இல்லை. பல நாள் கடலிலேயே தங்கும் லைவ்போர்டு படகுகள் பெரும்பாலும் அட்வான்ஸ்டு கார்டோடு, முப்பது ஐம்பது டைவ் பதிவான லாக்புக்கையும் கேட்கும். லாக்புக்கைக் கேட்கிற படகு விஷயம் தெரிந்த படகு.

ஒரே ஒரு ஆழமான இடத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றால் முழுப் பயிற்சி எடுக்காமலும் வழி இருக்கிறது. ஆசிரியரோடு அட்வான்ஸ்டின் ஆழ டைவை மட்டும் தனியாகச் செய்யலாம். பிற்பாடு முழுப் பயிற்சி எடுத்தால் அது கணக்கில் சேரும். கடைகள் இதைத் தாமாகச் சொல்வது குறைவு. நாம்தான் கேட்க வேண்டும்.

ஒரு சிலிண்டரின் கணக்கு

இங்கே வரை வந்தால், கார்டு கேட்கிற இடத்துக்குப் போனால் செய், இல்லாவிட்டால் வேண்டாம் என்று சுலபமாக முடித்துவிடத் தோன்றும். நானும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கருத்தை என்னிடமிருந்து பிடுங்கியது காகிதத்தில் போட்ட ஒரு கணக்கு. அதை முழுக்க இங்கே வைக்கிறேன்.

வெப்பமண்டல டைவ் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் ஒரே சிலிண்டர்தான்: 'ஏஎல்80' என்ற அலுமினியம், கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் அதில் ஏறத்தாழ 2,220 லிட்டர் காற்று. தரைமட்டத்தில் புது டைவர் ஒருவர் நிமிடத்துக்கு 20 முதல் 25 லிட்டர் இழுப்பார். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் 1 பார் கூடும் என்பதால் 18 மீட்டரில் அதன் 2.8 மடங்கு, 30 மீட்டரில் 4 மடங்கு. இதுவரை ஓபன் வாட்டர் புத்தகத்திலேயே இருக்கிறது. 20 லிட்டர் ஆள் 30 மீட்டரில் நிமிடத்துக்கு 80 லிட்டர் குடிக்கிறார்.

இப்போது அந்த ஆழத்தில் துணைக்கு வந்தவரின் காற்று நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் நம் மாற்று ரெகுலேட்டரைப் பிடிக்கிறார். இருவருக்கும் படபடப்பு, ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் என்று வைப்போம், சேர்ந்து 60. ஒருவர் கையை ஒருவர் பிடித்து, கண்ணைப் பார்த்து, மேலே போகலாம் என்று முடிவு செய்ய ஒரு நிமிடம்: 60-ஐ நாலால் பெருக்க 240 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் வரை ஏற ஏறத்தாழ 3 நிமிடம், சராசரி அழுத்தம் 2.75 பார்: 495 லிட்டர். 5 மீட்டரில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம்: 270. கடைசி 5 மீட்டருக்கு இன்னொரு 75. கூட்டினால் 1,080 லிட்டர். அதை 11.1-ஆல் வகுத்தால் 97 பார். 100 என்றே வைத்துக்கொள்ளலாம். பாதுகாப்பு நிறுத்தம் கட்டாயம் அல்ல, உயிர் போகிற நிலையில் அதை விட்டுவிடலாம். விட்டாலும் 73 பார் வேண்டும்.

சுற்றுலா டைவ் எதற்குப் போனாலும் படகில் சொல்லும் வாசகம் ஒன்றுதான்: 100 பாரில் எனக்குச் சொல்லுங்கள், 50 பாரோடு மேலே வந்துவிடுவோம். 12 மீட்டர் ரீஃபில் அது நல்ல விதி. 30 மீட்டரில் 100 பார் என்பது 'பாதி சிலிண்டர் இருக்கிறது' என்று பொருள்படாது. 'இப்போதே கிளம்பு' என்று பொருள். ஒரு கையின் விரல் நுனியை மறு உள்ளங்கையில் முட்டி 100 பார் சைகையைக் காட்டியதும், டைவை வழிநடத்தும் டைவ் மாஸ்டர் ஓகே காட்டிவிட்டு அதே ஆழத்தில் ஐந்து நிமிடம் சுற்றினால், அந்த ஐந்து நிமிடத்தில் போகும் 36 பார் துணைக்கு வந்தவருடையது.

கணக்கின் மறுபாதிதான் என்னை உலுக்கியது. 200 பாரோடு இறங்குகிறோம். இறங்கும்போது ஏறத்தாழ 10 பார் போய்விடும். மேலே வர 97 வேண்டும். மிஞ்சுவது 93 பார், சுமார் 1,030 லிட்டர். நிமிடத்துக்கு 80 வீதம் 12, 13 நிமிடம். 25 லிட்டர் இழுப்பவருக்குப் 10 நிமிடம்தான். பேடியின் அட்டவணையில் 30 மீட்டருக்கு, டிகம்ப்ரஷன் நிறுத்தம் இல்லாமல் மேலே வரக்கூடிய நேர வரம்பு 20 நிமிடம் என்று போட்டிருக்கும். கையில் கட்டியிருக்கும் டைவ் கம்ப்யூட்டரும் ஏறக்குறைய அதைத்தான் பச்சை நிறத்தில் காட்டும். புது டைவர் கம்ப்யூட்டரைப் பார்த்து இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார். அவர் காற்று அதற்குள் எல்லையைத் தாண்டியிருக்கும். அதே ஆளுக்கு 18 மீட்டரில் இதே முறையில் போட்டுப் பாருங்கள்: இருவர் மேலே வர 64 பார் போதும், தங்கக்கூடிய நேரம் 26 நிமிடம். ஆழம் இரு மடங்குகூட ஆகவில்லை, நேரம் பாதியாகிவிட்டது.

ஆக 30 மீட்டருக்கு ஒருவர் தயாரா என்பதைக் கார்டைவிட அவர் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் இழுக்கிறார் என்பதே சொல்கிறது. அமைதியாக 15 லிட்டர் இழுப்பவருக்கு அதே 30 மீட்டரில் 17, 18 நிமிடம் கிடைக்கிறது. அந்த ஐந்தாறு நிமிடம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைப்பதில்லை. சரியான எடை, கிடைமட்டமாக நிற்கும் உடம்பு, கையை வீசாத பழக்கம், இவற்றால் இருபது முப்பது டைவில் வருவது அது. 'தானா வரும்' என்ற நண்பர் இந்த ஒரு விஷயத்தில் சரி. எங்கே தவறுகிறார் என்றால், அது 12 மீட்டரில் வர வேண்டும் என்பதைச் சொல்லாததில்.

இன்னொன்றும் உண்டு. ஓபன் வாட்டரில் 6 முதல் 9 மீட்டர் வரை ஒரே மூச்சை விட்டபடி மேலே வருவதற்குப் பழக்குவார்கள். துணை எட்டாத தூரத்தில் இருந்தாலும் அங்கே அது ஒரு வழி. 30 மீட்டரில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. அங்கே அழுத்தத்தில் நைட்ரஜன் தரும் போதை போன்ற மயக்கமும் சேரும். மூச்சு வாங்க வாங்கக் கூடும். நாலு மடங்கு அடர்ந்த காற்றை இழுக்கும்போது சரியாகச் சர்வீஸ் செய்யாத வாடகை ரெகுலேட்டர் கடினமாகிவிடும், அது மறுபடியும் படபடப்பை ஏற்றும். 10 மீட்டரில் தனித்தனியாக வந்து சமாளித்துவிடக்கூடிய சின்னச் சின்னத் தொல்லைகள் இங்கே ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன.

நீரோட்டம்

கார்டில் ஆழம் மட்டும் எழுதியிருப்பதால் வெப்பமண்டலக் கடலின் இன்னொரு பாதி யார் கண்ணிலும் படுவதில்லை. மாலத்தீவில் பவளத்தீவு வளையங்களை அறுத்துச் செல்லும் கால்வாயைத் திவேஹி மொழியில் 'கண்டு' என்கிறார்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவத்தில் கடல் கிழக்கிலிருந்து மேற்கே தள்ளும். அப்போது கிழக்குக் கால்வாய்கள் வழியாகத் தெளிந்த ஆழ்கடல் நீர் உள்ளே பாயும், சுறாக்கள் அதன் வாயில் நிற்கும். அதைப் பார்க்க பிசிடியில் காற்றே இல்லாமல் குதித்து, நிற்காமல் இறங்கி, கால்வாயின் விளிம்பைப் பிடிக்க வேண்டும். மேலே நின்று காது அடைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தால் ஓட்டம் அதற்குள் உள்ளே அடித்துப் போய்விடும். விளிம்பு பெரும்பாலும் 25க்கும் 30க்கும் நடுவே. ரீஃப் கொக்கியைப் பவளத்தில் மாட்டாமல் செத்த பாறையில் மாட்டி, பிசிடியில் ஒரு துளி காற்றேற்றினால், பட்டம் மாதிரி நிற்கலாம். கழற்றும்போது அந்தக் காற்றை முதலில் விட வேண்டும். விடாமல் கழற்றியவர் நேரே மேலே போவார். பிறகு நீலத்தில் மிதந்தபடி எஸ்எம்பி பலூனை விட்டு, படகுக்கு இடம் காட்டி ஏற வேண்டும். இந்த வரிசையில் ஆழம் என்பது ஒரு பகுதிதான்.

பாலிக்கும் லாம்போக்குக்கும் நடுவே பசிபிக் நீர் இந்தியப் பெருங்கடலுக்குள் இறங்குகிறது. நுசா பெனிடாவின் கிரிஸ்டல் பேயில் ஜூலை முதல் அக்டோபர் வரை மோலா என்ற பெரிய வட்ட மீனைத் தேடிப் போகிறவர்கள் சந்திப்பது அந்த ஓட்டத்தைத்தான். வெப்பமண்டலத்திலேயே தண்ணீர் திடீரென்று 20 டிகிரியைத் தொட்டு நடுக்கும். சுவரில் மோதிய ஓட்டம் கீழ்நோக்கித் திரும்பினால் நம் மூச்சுக் குமிழிகளே கீழே போகும், மீன்கள் தலையை வேறு பக்கம் திருப்பி நீந்தும். அதைக் கண்டதும் சுவரை ஒட்டிப் பாறையைப் பிடித்துப் பக்கவாட்டில் நகர வேண்டும், அல்லது சுவரைவிட்டு விலகித் திறந்த கடல் பக்கம் நீந்த வேண்டும். நேர் மேலே காலை உதைத்துப் போராடினால் காற்றுதான் தீரும். பிசிடியில் காற்றேற்றினால், ஓட்டம் விட்ட நொடியில் அதை வெளியேற்றக் கை பொத்தானில் இருக்க வேண்டும். ஒன்பது டைவ் அட்வான்ஸ்டு கார்டில் இதில் எதுவும் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஐந்தில் ஒன்றாக, நீரோட்டத்தோடு போகும் ட்ரிஃப்ட் டைவைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும் கொஞ்சம் கிடைத்திருக்கும்.

எப்போது, எந்த ஐந்து

ஓபன் வாட்டர் முடித்த மறுநாளே அட்வான்ஸ்டில் சேர வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நடுவே பதினைந்து இருபது டைவ், 18 மீட்டருக்குள், முடிந்தால் இரண்டு வெவ்வேறு கடல்களில். அதற்கு இரண்டு விடுமுறை ஆகும் என்றால் ஆகட்டும். விதிவிலக்கு ஒன்று சொல்வேன்: ஒரு தடவைதான் அந்தப் பக்கம் போக முடியும், கையில் ஒரு வாரம் இருக்கிறது, நல்ல ஆசிரியர் இரண்டு பேருக்கு மேல் சேர்த்துக்கொள்ள மாட்டார் என்றால், டைவ் மாஸ்டர் பின்னால் ஆறு பேராகச் சுற்றுவதைவிட அவரோடு ஐந்து டைவ் செய்வதே மேல். அங்கே வாங்குவது கார்டை அல்ல, உங்கள் மேல் ஐந்து முறை பதிந்த ஒரு கண்ணை.

சேர்ந்தால், கட்டாயமான இரண்டு போக மிதப்புக் கட்டுப்பாட்டை எடுங்கள், அதையே முதல் டைவாக வைக்கச் சொல்லுங்கள்; ஆழ டைவ் கடைசியில் வரட்டும். 3 மில்லிமீட்டர் உடைக்கு வெளியூர்க் கடையில் பழக்கதோஷத்தில் 7, 8 கிலோ மாட்டிவிடுவார்கள். பிசிடியைக் காலி செய்து, மூச்சைச் சாதாரணமாகப் பிடித்து நிற்கும்போது தண்ணீர் கண்மட்டத்தில் நின்றால் எடை சரி. சிலிண்டர் நிறைந்திருக்கும்போது சோதித்தால் அதற்கு மேல் சுமார் 2 கிலோ கூட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் உள்ளே இருக்கும் காற்றுக்கே இரண்டரை கிலோவுக்கு மேல் எடை. அது தீரத் தீர அலுமினியச் சிலிண்டர் மிதக்கத் தொடங்கும். பலருக்கு 4, 5 கிலோவில் முடிந்துவிடும். கூடுதலான ஒவ்வொரு கிலோவுக்கும் பிசிடியில் ஒரு லிட்டர் காற்றைச் சுமந்து திரிகிறோம். அந்தக் காற்று ஆழம் மாறும்போதெல்லாம் சுருங்கி விரிந்து நம்மை ஏற்றி இறக்கும், கால் தாழ்ந்து உடம்பு சாயும், இழுக்கும் லிட்டர் ஏறும். மேலே போட்ட கணக்கில் 25-ஐ 20 ஆக்க மிக மலிவான வழி பெல்ட்டிலிருந்து இரண்டு கிலோவைக் கழற்றுவது.

அடுத்தது ட்ரிஃப்ட். ஐந்தாவது உங்கள் விருப்பம். இரவு டைவ் என்றால் மனதுக்கும் நல்லது. எஸ்எம்பியை 5 மீட்டரில் நின்றபடி, கயிறு ரீலில் சிக்காமல், மேலே இழுபடாமல் விடும் வரை ஆசிரியரை விடாதீர்கள். அது பாடத்தில் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டாம், கேட்டு வாங்குங்கள்.

ஆக்சிஜன் கூட்டிய காற்றுக் கலவையான நைட்ராக்ஸைத் தனிப் பயிற்சியாக எடுங்கள், ஒரு நாள் போதும். 32 சதவீத ஆக்சிஜன் கலவையில் 30 மீட்டரின் 20 நிமிடம் கிட்டத்தட்ட 30 நிமிடமாகும், 1.4 பார் ஆக்சிஜன் அழுத்த வரம்பில் போகக்கூடிய அதிகபட்ச ஆழம் 33 மீட்டர். ஆனால் சிலிண்டரில் லிட்டர் கூடுவதில்லை. புது டைவருக்கு முதலில் தீர்வது காற்று என்பதால், நாளுக்கு ஒரு ஆழ டைவ் செய்பவருக்கு நைட்ராக்ஸ் அதிக நேரம் எதையும் தராது. நாளுக்கு மூன்று நான்கு என்று ஆறு நாள் இறங்கும் லைவ்போர்டில்தான், உடம்பில் சேர்ந்துகொண்டே போகும் நைட்ரஜனைக் குறைத்து உதவுகிறது.

பயணக் காப்பீட்டில் ஸ்கூபா பற்றிய வரியைக் கிளம்பும் முன்பே படித்துவிடுங்கள். கார்டு அனுமதிக்கும் ஆழத்தைத் தாண்டிய டைவுக்குப் பணம் கிடைக்காது என்று சில பாலிசிகளில் இருக்கும். டைவ் மாஸ்டர் கூப்பிட்டார், போனேன் என்பது அங்கே செல்லாது.

அடுத்த விடுமுறையில், எந்தக் கார்டு இருந்தாலும், முதல் நாள் டைவில் இதைச் செய்து பாருங்கள். 10 மீட்டரில், ஓட்டம் இல்லாத இடத்தில், கேஜைப் பார்த்து ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆழம் மாறாமல் 10 நிமிடம் சாதாரணமாக நீந்துங்கள். மறுபடி பாருங்கள். 40 பார் போயிருந்தால் 444 லிட்டர். பத்து நிமிடத்துக்கு வகுத்து, 10 மீட்டரின் 2 பாரால் வகுத்தால் நிமிடத்துக்கு 22. 27 பார்தான் போயிருந்தால் 15. படகுக்கு வந்ததும் துணி காயும் முன் லாக்புக்கில் அந்த எண்ணை எழுதுங்கள், பக்கத்தில் எத்தனை கிலோ எடை கட்டியிருந்தீர்கள் என்பதையும். மறுநாள் ஒரு கிலோவைக் குறைத்து, அதே இடத்தில், அதே பத்து நிமிடம்.